மருத்துவம் படிக்கும் மகள் விட்டில் பூச்சியை எண்ணினால்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். "டாக்டருக்குப் படிக்க வைத்தது பூச்சி பிடிக்கவா, இருளர் குடியிருப்பில் உட்கார்ந்து கதை கேட்கவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிகிறது. அரசுக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்க வீடே சேர்ந்து நீட் தேர்வோடு மல்லுக்கட்டியிருக்கிறது. இரண்டாம் ஆண்டிலேயே பெண்ணின் கவனம் சிதறுகிறதோ என்று வயிற்றைக் கலக்குவது நியாயம்தான்.

புகாருக்குச் சாட்சியாக அவளுடைய நோட்டில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். "இரவு 8.20. மழை விட்டு அரை மணி நேரம். ஹாஸ்டல் பின்வாசல், மஞ்சள் பல்பு. விட்டில் 14." அடுத்த வரியில், "வெள்ளை எல்.இ.டி. விளக்கு. விட்டில் 31." பெருக்கிப் பார்க்காமல், கூட்டிச் சொல்லாமல், பார்த்ததை மட்டும் நேரம் போட்டு எழுதியிருக்கிறாள். இந்தப் பழக்கத்தை முதுகலை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே பேராசிரியர்கள் படாத பாடு படுகிறார்கள். உங்கள் மகளுக்குத் தானாக வந்திருக்கிறது.

மருத்துவமும் இயற்கையும் மனிதர்களும் ஒரே ஆளுக்குள் சேர்ந்திருப்பது புதிதல்ல. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைத் தொடங்கி வைத்தவர் ஒரு டாக்டர். பெயர் எட்வர்ட் பால்ஃபர். 1813-இல் ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் ஊரில் பிறந்து, 1834-இல் இந்தியாவுக்கு வந்து, சென்னை ராணுவத்தில் அறுவை மருத்துவராக இருந்தவர். சிப்பாய்கள் சண்டையைவிடக் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் அதிகம் செத்த காலம் அது. எந்த இடத்தில் முகாம் போட்டால் படை நலமாக இருக்கும் என்று நோய், மரணக் கணக்குகளைத் தொகுத்து 1845-இல் எழுதினார். அதே 1840-களில், மரங்களுக்கும் ஒரு நாட்டின் மழைக்கும் ஈரத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றியும் எழுதினார். மத்திய இந்தியாவின் நாடோடிக் குழுக்களைப் பற்றி ஒரு கட்டுரை. பிறகு இந்திய மரவகைகளைப் பற்றி ஒரு நூல், 1857-இல் இந்தியா பற்றிய ஒரு கலைக்களஞ்சியம். அருங்காட்சியகம் 1851-இல் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் தொடங்கி, 1854-இல் எழும்பூருக்கு இடம் மாறியது. உயிருள்ள விலங்குகளை வைத்தால் ஜனங்கள் திரண்டு வருவார்கள் என்று பார்த்து, அங்கேயே ஒரு மிருகக்காட்சி சாலையையும் ஆரம்பித்தார். இன்றைய வண்டலூர்ப் பூங்காவின் வேர் அதுதான்.

பட்டியலாகப் பார்த்தால் ஆளுக்கு நிலைகொள்ளாத மனசு என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த ஊரில் மனிதர்கள் ஏன் நோய்ப்படுகிறார்கள் என்ற ஒரே கேள்வியை அவர் பல வாசல்கள் வழியே கேட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. ஆங்கில மகப்பேறு நூல் ஒன்றை அவரே இந்துஸ்தானியில் மொழிபெயர்த்தார். அதைத் தமிழ், தெலுங்கு, கன்னடத்திலும் மொழிபெயர்க்கச் செய்து, சொந்தக் காசில் அச்சடித்தார். பின்னாளில், 1871 முதல் 1876 வரை, சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தபோது, பெண்களும் மருத்துவம் படிக்கலாம் என்று உறுதியாக நின்றார். ஆண் டாக்டரிடம் வர மறுக்கும் பெண்கள் சிகிச்சையே இல்லாமல் இருந்தார்கள் என்பது அன்று எல்லாரும் அறிந்த விஷயம். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர், பின்னாளில் பெயர்பெற்ற பெண் டாக்டரான மேரி ஷார்லீப். உங்கள் மகள் இன்று ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டு வார்டுக்குப் போகும் வழியை அன்றைக்குத் திறந்தவர்களில் இந்த 'மிருகம், மரம், மனுஷன்' டாக்டரும் உண்டு.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் நம் மக்களைப் பற்றி எழுதியதில் ஆள்பவர் பார்வை நிறையவே உண்டு. மனிதர்களை மாதிரிப் பொருள்போல வகைப்படுத்தினார்கள். உங்கள் மகள் இருளர் குடியிருப்புக்குப் போவதாக இருந்தால் கல்லூரி ஆசிரியர் ஒருவருக்குத் தெரிந்து போகட்டும். ஆய்வு என்று வந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், எதிரே இருப்பவரின் சம்மதமும் வேண்டும். இதில் மட்டும் நான் கண்டிப்பானவன்.

சரி, இதெல்லாம் நோயாளிக்கு என்ன பிரயோஜனம்? கட்டுவிரியனை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் நடமாடும் பாம்பு. தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைக் கடிக்கும். பல சமயம் வலியும் இருக்காது, தடமும் தெரியாது. விடிகாலையில் அந்த ஆள் வயிற்றுவலி என்று வருவார், கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும். "நேத்து ராத்திரி தரையிலயா படுத்தீங்க?" என்று கேட்கத் தெரிந்த டாக்டர் உயிரைக் காப்பாற்றுவார். பாம்பின் பழக்கமும் ஏழை வீட்டின் படுக்கையும் தெரிந்தால்தான் அந்தக் கேள்வி வாயில் வரும். விஷமுறிவு மருந்துக்கான விஷத்தை எடுத்துத் தருவது யார்? சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். உங்கள் மகள் கதை கேட்கப் போன மக்கள்தான்.

இனி செய்ய வேண்டியது. எம்.பி.பி.எஸ்.ஸை அரியர் இல்லாமல் முடிப்பது முதல் வேலை. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பால்ஃபருக்கும் மருத்துவ உத்தியோகம்தான் காலூன்ற இடம் கொடுத்தது. படிக்கும்போதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு மாத வேலை, ஒரு பேராசிரியர் வழிகாட்ட வேண்டும். அவள் இப்போதே சமூக மருத்துவத் துறையில் ஒருவரைப் போய்ப் பார்க்கட்டும், நோட்டையும் கையோடு கொண்டு போகட்டும்.

அப்புறம், சமூக மருத்துவத்தில் எம்.டி. மூன்று வருடம். சென்னையில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. புதுச்சேரியில் கொசு போன்ற நோய்க்கடத்திகளை ஆராயும் மையம் இருக்கிறது. பூச்சியும் நோயும் தெரிந்த டாக்டருக்கு அங்கே நிறைய வேலை உண்டு. தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரத்துக்குத் தனித் துறையே இருக்கிறது, 1939-லேயே தனிச் சட்டம் வந்த மாநிலம் இது. மனிதக் குழுக்களையும் அவர்கள் வாழ்க்கை முறையையும் ஆராயும் மானிடவியலைக் கற்க விரும்பினால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் துறைகள் உள்ளன. ஆனால் அதற்கு இப்போது அவசரமில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சிப் பக்கம் போனால் ஆரம்ப வருடங்களில் தனியார் மருத்துவமனையில் கிடைக்கும் வருமானம் கிடைக்காது. வீட்டில் கடன் இருந்தால் அதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தொகை தெரிந்தால் அவளே கணக்குப் போட்டு, முதல் சில வருடம் அரசு வேலையா, நேரே மேற்படிப்பா என்று முடிவெடுப்பாள். 31 விட்டில்களைப் பொறுமையாக எண்ணியவளுக்கு இதுவும் முடியும்.

அடுத்த விடுமுறைக்கு அவள் வரும்போது இருவரும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். விலங்குகள் பக்கமும் பழங்குடியினர் பொருட்கள் பக்கமும் அவள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்றைக்கு விடுமுறை.