எந்தப் பதிப்பு? பியானோ மாஸ்டர்கிளாஸ் கேள்வி பதில்

ஜெர்மனியில் கோடைக்கால மாஸ்டர்கிளாஸ்களில் கான்செர்ட்டோ மாணவர்களுக்கு ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதிலாக இரண்டாம் பியானோ வாசிப்பது என் வேலை. மற்ற மாதங்களில் பாடம் எடுக்கிறேன். வந்திருக்கும் கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் தருகிறேன். ஒரு வேண்டுகோள்: எந்தப் படைப்பைப் பற்றிக் கேட்டாலும், உங்கள் கையில் இருக்கும் ஸ்கோர் (அச்சிட்ட இசைத்தாள்) யாருடைய பதிப்பு என்று சேர்த்து எழுதுங்கள்.

திருச்சி: மேடம், வழக்கமான வகுப்புக்கும் மாஸ்டர்கிளாஸுக்கும் என்ன வித்தியாசம்?

வாராவாரம் பார்க்கும் ஆசிரியருக்கு உங்கள் கை அத்துப்படி. மாஸ்டர்கிளாஸில் எதிரே இருப்பவர் உங்களை முதல்முறை பார்க்கிறார். கிடைப்பது முப்பது, நாற்பது நிமிடம். பின்னால் ஒரு கூட்டம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். விரல் வேலையைத் திருத்த அங்கே நேரமில்லை. இந்த முறையைப் பிரபலமாக்கிய பியானோ மேதை லிஸ்ட்டே அப்படித்தான். 1869 முதல் 1886-ல் இறக்கும்வரை ஆண்டுதோறும் சில மாதங்கள் ஜெர்மனியின் வைமரில் வகுப்பு நடத்தினார், கட்டணம் வாங்காமல். மாணவர்கள் ஸ்கோர்களைக் குவித்து வைப்பார்கள். அவர் ஒன்றை எடுத்து யாருடையது என்று கேட்பார். கொண்டுவந்தவர் வாசிக்க வேண்டும். டெக்னிக் தகராறோடு வந்தவர்களிடம், அழுக்குத் துணியை வீட்டிலேயே துவைத்துவிட்டு வரும்படி சொன்னாராம்.

சென்னை: பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டாவின் மூன்றாம் பாகத்தை அடுத்த மாதம் ஒரு மாஸ்டர்கிளாஸில் வாசிக்கிறேன். வேகம் வந்துவிட்டது. இன்டர்ப்ரெட்டேஷனாக எதைச் சேர்ப்பது?

எதையும் சேர்க்காதீர்கள். முதலில் இருப்பதை வாசியுங்கள்.

தொடக்கத்தைப் பாருங்கள். ஆர்பெஜியோ (கார்டின் சுரங்கள் ஒவ்வொன்றாக வருவது) கீழிருந்து மேலே ஓடுகிறது. பெரும்பாலான மாணவர்கள் ஏற ஏறச் சத்தத்தைக் கூட்டி, பெடலையும் முதலிலிருந்தே மிதித்து, உச்சியில் போய் வெடிப்பார்கள். பீத்தோவன் எழுதியது வேறு. ஓட்டம் முழுக்க மெல்ல. உச்சியில் வரும் கார்டுகளில்தான் ஸ்ஃபோர்ட்ஸாண்டோ, திடீர் அழுத்தம். பெடல் குறியும் அங்கே மட்டும். அடி விழப்போவது கேட்பவருக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எல்லோரும் தயாராகிவிடுவார்கள். அப்புறம் அந்தக் கார்டில் என்ன திகில் இருக்கும்?

பெடலைத் தொடாமல், மெல்ல, அதே வேகத்தில் ஏறிப் பாருங்கள். வேகம் வந்துவிட்டது என்கிறீர்களே, அது விரலின் வேகமா, பெடல் மூடி மறைத்த வேகமா என்று தெரிந்துவிடும்.

அதே சொனாட்டாவின் முதல் பாகத்தில் அவர் நேர் எதிராகக் கேட்கிறார்: பாகம் முழுக்கத் தந்தியைத் தடுக்கும் டாம்பர்களைத் தூக்கியே வைக்கச் சொல்கிறார். 1801-ல் அவர் முன்னால் இருந்த வியன்னா பியானோவில் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். இன்றைய ஸ்டைன்வேயில் அப்படியே மிதித்து வைத்தால் சேறாகிவிடும். பாதிப் பெடல், முழுதாக விடாமல் மாற்றுவது என்று ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு பாகத்தில் பெடலை விடவே கூடாது, இன்னொன்றின் தொடக்கத்தில் உச்சிக் கார்டுகளுக்கு மட்டும் மிதி என்று ஒரே மனிதர் ஏன் எழுதினார்? அந்தக் கேள்வியோடு மேடையேறுங்கள், மாஸ்டருக்குப் பேச விஷயம் கிடைக்கும்.

எந்தப் பதிப்பு என்று நீங்கள் எழுதவில்லை.

நாகர்கோவில்: பதிப்பு, பதிப்பு என்கிறீர்களே அக்கா. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்கோர் போதாதா?

இலவசமாகக் கிடைப்பவற்றில் நிறைய, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் தங்கள் இஷ்டத்துக்குக் குறிகள் போட்டவை. பீத்தோவன் போட்ட ஸ்லர் (சுரங்களை இணைத்து வாசிக்கச் சொல்லும் வளைகோடு) எது, பதிப்பாசிரியர் போட்டது எது என்று பல சமயம் பிரித்தே காட்டியிருக்க மாட்டார்கள். நீங்கள் உயிரைக் கொடுத்து வாசிக்கும் கிரெஷெண்டோ (சத்தத்தைப் படிப்படியாகக் கூட்டுவது) அந்தப் பதிப்பாசிரியரின் ரசனையாக இருக்கலாம். அதனால்தான் ஹென்லே போன்ற ஊர்டெக்ஸ்ட் பதிப்புகள், இசையமைப்பாளர் எழுதியதை மட்டும் தர முயல்பவை. 1948-ல் தொடங்கிய நிறுவனம், நீல அட்டை. அதுவும் வேதவாக்கு அல்ல. மொட்சார்ட்டின் கே. 331 சொனாட்டாவின் கையெழுத்துத் தாள்கள் சில 2014-ல் புடாபெஸ்ட் நூலகத்தில் கிடைத்தன; வழக்கமாக வாசித்துவந்த சில இடங்கள் அதில் வேறு மாதிரி இருந்தன. பதிப்புகளைத் திருத்த வேண்டியதாயிற்று.

மதுரை: பியானோ தேர்வில் ஏழாம் கிரேடு முடித்திருக்கிறேன். மாஸ்டர்கிளாஸில் சேரலாமா?

கிரேடை யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள் வாசித்த ஒலிப்பதிவை அனுப்பச் சொல்வார்கள், அதைக் கேட்டு முடிவு செய்வார்கள். கிடைக்காவிட்டால் பார்வையாளராகப் போங்கள். முதல்முறை அதுவே மேல்.

சேலம்: வாசித்தால் மணிக்கட்டு வலிக்கிறது. எந்தப் பயிற்சி நல்லது?

வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இதற்கு நான் பதில் சொல்லக் கூடாது.

பெங்களூர்: ஷொபான் வாசிக்கும்போது ருபாட்டோ (தாளத்தைக் கொஞ்சம் நெகிழ்த்துவது) எவ்வளவு எடுக்கலாம்?

இடது கை எடுக்காது. வலது கை எடுக்கலாம். இடது கை கண்டக்டர் மாதிரி தாளத்தைக் காக்க வேண்டும் என்பது ஷொபானே சீடர்களிடம் சொன்னது. அவருடைய பியானோவை விட்டு மெட்ரோனோம் அகன்றதே இல்லை என்கிறார் சீடர் மிக்குலி. ஒரு நாக்டர்னின் இடது கையை மட்டும் தனியாக வாசித்துப் பதிவுசெய்து கேளுங்கள். தள்ளாடினால் அது ருபாட்டோ அல்ல.

ஈரோடு: எட்டாம் கிரேடு முடித்தவர்கள் சேரலாமா?

மதுரைக்குச் சொன்ன பதில்.

கோவை: ஷூபர்ட்டின் டி. 960 சொனாட்டா, முதல் பாகத்தில் ரிபீட் (தொடக்கப் பகுதியை மறுபடி வாசிப்பது) கட்டாயமா? ஹென்லே பதிப்பு.

பதிப்பை எழுதியதற்கே உங்களுக்கு ஒரு நீண்ட பதில். 1828 செப்டம்பரில் முடித்தது. நவம்பர் 19-ல் ஷூபர்ட் இறந்துவிட்டார். ரிபீட் குறி உண்டு. திரும்பிப் போவதற்கென்று, முதல் தடவைக்கு மட்டுமான முதல் முடிவில் ஒன்பது பார் (தாள அளவு) எழுதியிருக்கிறார். ரிபீட்டை விட்டால் அந்த ஒன்பதும் யாருக்கும் கேட்காது. பியானோ கலைஞர்களில் பிரெண்டல் விட்டுவிட்டார், ரிக்டர் வாசித்தார்.

கோவை மறுபடி: பிரெண்டல் சொல்வதுதானே சரி? அந்தப் பார்கள் மீதிப் பாகத்தோடு ஒட்டவே இல்லை, முரட்டுத்தனமாக இருக்கின்றன. ரிக்டர் அந்த ஒரு பாகத்துக்கே இருபது நிமிடத்துக்கு மேல் எடுக்கிறார், உட்கார முடியவில்லை.

டொரோண்டோ: ஒட்டாமல் இருப்பதுதான் விஷயமே! எட்டாவது பாரில் அடிக்கட்டையில் மெல்ல வரும் ட்ரில் (பக்கத்துச் சுரங்கள் இரண்டு வேகமாக மாறி மாறி வருவது), அந்த முதல் முடிவில்தான் முழுச் சத்தத்தில் உறுமுகிறது. அதைக் கேட்ட பிறகு தொடக்கத்துக்குத் திரும்பினால் அதே ட்ரில் வேறு மாதிரி கேட்கும்.

டொரோண்டோ சொல்வது சரி. ஆனால் கோவை சொல்வதும் ரசனையில்லாத பேச்சு அல்ல. ஷூபர்ட்டை வாழ்நாள் முழுக்க வாசித்த மனிதரின் வாதம் அது. வகுப்பில் என் நிபந்தனை ஒன்றுதான்: அந்த ஒன்பது பாரை நன்றாக வாசிக்கத் தெரிந்தவருக்கே அதை விட்டுவிட உரிமை. ரிபீட் வேண்டாம் என்று வருபவர்களை அங்கே நிறுத்தி வாசிக்கச் சொன்னால், பலருக்கு அந்தப் பார்கள் பழக்கமே இருக்காது. ரசனை என்று சொல்லிக்கொண்டது சோம்பலாக முடியும். வாசித்துக் காட்டிவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

வேகம் தனி வழக்கு. மோல்ட்டோ மொடெராட்டோ (மிக மிதமான வேகம்) என்பதை ரிக்டர் அளவுக்கு மெதுவாக்க வேண்டும் என்று ரிபீட் குறி சொல்லவில்லை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

கோவை: அப்படியானால் கேட்பவரின் பொறுமைக்கு மரியாதை இல்லையா?

டொரோண்டோ: ஷூபர்ட்டுக்கு முதலில் மரியாதை கொடுப்போமே.

இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாணம்: மாஸ்டர் வாசித்துக் காட்டுவதை அப்படியே திருப்பி வாசித்தால் போதுமா?

போதாது. அவர் கை, அவர் வயது, அவர் முடிவு. ஏன் அப்படி வாசித்தார் என்று ஸ்கோரில் தேடுங்கள், காரணம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோவில் 2005-ல் பியானோ கலைஞர் பேரன்பாய்ம் நடத்திய பீத்தோவன் வகுப்புகள் படமாகக் கிடைக்கின்றன. அப்போதே புகழ்பெற்றிருந்த பியானோ கலைஞர் லாங் லாங் அங்கே அப்பாஸியோனாட்டா சொனாட்டாவோடு மாணவராக உட்கார்ந்திருப்பார். ஸ்கோரை மடியில் வைத்துக்கொண்டு பாருங்கள். நல்ல பதிப்பாக.

வேலூர்: தினமும் எத்தனை மணி நேரம் வாசிக்க வேண்டும்?

காது சோர்ந்ததும் நிறுத்துங்கள்.

தஞ்சாவூர்: ஆறாம் கிரேடு...

மதுரை. மதுரை.

கோவை: கடைசியாக ஒன்றே ஒன்று அக்கா. நீங்கள் வாசித்தால் ரிபீட் உண்டா, இல்லையா?

உண்டு. அரங்கத்தைப் பத்து மணிக்குப் பூட்டுவார்கள் என்றால் இல்லை.