பிறர் கையால் நிரப்பிய தோட்டாவைச் சுடலாமா?

காரைக்குடிக்கு அருகிலுள்ள வீட்டின் பெட்டகத்தில் உங்கள் ஐயாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு, அவருடைய நண்பர் கையால் நிரப்பிக் கொடுத்த தோட்டாக்களும் இருப்பதாகவும், உரிமம் உங்கள் பெயருக்கு மாறிவிட்டதால் அவற்றைச் சுடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சுடவே வேண்டாம்.

நிரப்பியவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும், உள்ளே இருக்கும் வெடிமருந்து பழைய வகையான கருமருந்தா, அதைவிட வேகம் மிகுந்த புகையற்ற மருந்தா என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. கருமருந்துக்கென்று செய்த பழைய குழலில், அதே கொள்ளளவுக்குப் புகையற்ற மருந்தை நிரப்பிச் சுட்டால், அழுத்தம் தாங்காமல் குழல் வெடித்து, அதன் அடியைத் தாங்கியிருக்கும் இடக்கையைச் சிதைத்துவிடும். எடை போட்டுப் பார்த்தாலும் நம்ப முடியாது. பன்னிரண்டு போர் (12 bore என்னும் குழல் அளவு) தோட்டாவில் புகையற்ற மருந்து ஏறத்தாழ ஒன்றரை கிராம்தான். ஈயக் குண்டுகளோ முப்பது கிராம் அளவுக்கு இருக்கும் என்பதால், குண்டுகளின் எடையில் வரும் சிறு வேறுபாடே மருந்தின் தவற்றை மறைத்துவிடும்.

மருந்து குறைந்தாலும் ஆபத்துதான். சத்தம் அமுங்கி, மருந்துக்கும் குண்டுகளுக்கும் நடுவே வைக்கும் அடைப்பான் குழலுக்குள்ளேயே தங்கிவிட்டால், அதைக் கவனியாமல் சுடும் அடுத்த தோட்டா குழலைப் பிளக்கும். (தொழிற்சாலைத் தோட்டாவில் அப்படி நேர்ந்தாலும், உடனே நிறுத்திக் குழலைப் பார்க்க வேண்டும்.)

சட்டமும் உண்டு: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே அவற்றைப் பிரிக்காமல், குப்பையிலோ ஊருணியிலோ போடாமல், காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ முதலில் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். துப்பாக்கியையும் தேர்ந்த துப்பாக்கிப் பணியாளர் ஒருவர் சோதிக்கட்டும்.