உணர்வு மையச் சிகிச்சை கற்க விரும்பும் மகள்: கவலைப்படும் தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். உளவியல் முதுநிலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில் இருக்கும் மகள், அடுத்து ‘எமோஷன் ஃபோகஸ்டு தெரபி’ (உணர்வு மையச் சிகிச்சை) கற்று, கட்டுப்பாடிழந்து அளவுமீறிச் சாப்பிடும் கோளாறுக்குச் சிகிச்சை தரப்போவதாகச் சொல்கிறார். “இதெல்லாம் ஒரு நோயா, இதை நம்பி ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியுமா” என்பது உங்கள் கேள்வி. மகளே சில ஆண்டுகளுக்கு முன் இந்தச் சிக்கலில் தவித்தவர் என்பதைக் கடிதத்தின் கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன்.

நோய்தான், அதில் சந்தேகம் வேண்டாம். 1959-லேயே ஆல்பர்ட் ஸ்டங்கர்டு என்ற மனநல மருத்துவர் இதை விவரித்துவிட்டார். ஆனாலும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறி கையேட்டில் இது தனி நோயாக இடம்பெற 2013 வரை ஆனது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பட்டியலிலும் இப்போது இருக்கிறது. விருந்தில் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குறுகிய நேரத்தில் மிக அதிகமாக, ‘என்னால் நிறுத்த முடியவில்லை’ என்ற உணர்வோடு சாப்பிடுவது, அப்புறம் தன்மேலேயே அருவருப்பு, குற்ற உணர்ச்சி. இது வாரம் ஒரு முறையாவது என்று மூன்று மாதம் தொடர்ந்தால்தான் அமெரிக்கக் கையேட்டின்படி நோய். சாப்பிட்டதை வெளியேற்ற வாந்தி எடுக்கும் பழக்கம் இவர்களிடம் வழக்கமாக இருக்காது. புலிமியா என்ற இன்னொரு உணவுக் கோளாறிலிருந்து இது வேறுபடும் இடம் அதுதான். அமெரிக்காவில் 2007-ல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில், வாழ்நாளில் எப்போதாவது இதற்கு ஆளானவர்கள் பெண்களில் 3.5 சதவீதம், ஆண்களில் 2 சதவீதம். உணவைக் கடுமையாகத் தவிர்க்கும் அனரெக்ஸியா, புலிமியா இரண்டையும் கூட்டினாலும் இந்த அளவு வரவில்லை. இத்தனை பேருக்கு ஈடாகப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் இல்லை. ஆகவே வேலை கிடைக்குமா என்ற பயம் இந்தத் துறைக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

சரி, ஏன் ‘உணர்வு மையச் சிகிச்சை’? அளவுமீறிச் சாப்பிடுபவர்களில் பலருக்குச் சாப்பாடு, தாங்க முடியாத ஓர் உணர்விலிருந்து சற்று நேரம் தப்பிக்கும் வழியாக இருக்கிறது. வெட்கம், தனிமை, தன்மேலேயே கோபம், இப்படி ஏதோ ஒன்று. அந்த உணர்வைத் தொடாமல் உணவுப் பட்டியலை மட்டும் திருத்தினால், கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிடுவதைப் பார்க்கிறோம். லெஸ்லி கிரீன்பெர்க், லாரா ரைஸ், ராபர்ட் எலியட் ஆகியோர் 1980-களில் உருவாக்கிய முறை இது. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் பரிவோடு கேட்கும் பாணியையும், இந்த நிமிடத்தின் அனுபவத்தைக் கவனிக்கும் கெஸ்டால்ட் சிகிச்சையின் நாற்காலிப் பயிற்சிகளையும் இணைத்தது. ஓர் உணர்வை அறிவுரையால் மாற்றுவது கடினம், இன்னொரு உணர்வுதான் அதை மாற்றும் என்பது இதன் அடிப்படை.

சிகிச்சை அறையில் என்ன நடக்கிறது என்று சொன்னால், மகள் எதைக் கற்கப் போகிறார் என்பது உங்களுக்கு விளங்கும். ஒருவர் வந்து “நேத்து ராத்திரி மறுபடியும் சாப்பிட்டுட்டேன், ஏன்னே தெரியல” என்கிறார். பயிற்சி இல்லாதவர் உடனே “என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு?” என்று கேட்பார். இந்த முறையில் பயின்றவர் அந்த இரவை மெதுவாக ஓட்டிப் பார்க்கச் சொல்வார். வீட்டுக்குள் நுழைந்தபோது எப்படி இருந்தது, யாரிடம் பேசினீர்கள், சமையலறைக்குப் போகும் முன் நெஞ்சில் என்ன இருந்தது? அப்போதுதான் வெளிவரும்: சாயங்காலம் மேலாளர் எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னார், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் “நீ எதுக்குமே லாயக்கில்ல” என்று உள்ளே ஒரு குரல் ஓடிக்கொண்டே இருந்தது என்று.

இங்கேதான் இரு நாற்காலி உரையாடல். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் திட்டும் குரலாகவே பேசச் சொல்வார்கள். பிறகு எதிர் நாற்காலிக்கு மாறி, அதைக் கேட்டபோது உள்ளே என்ன ஆனது என்று சொல்லச் சொல்வார்கள். முதலில் பெரும்பாலும் “ஆமா, அது சொல்றது சரிதான்” என்று தோள் சரிந்துவிடும். அந்தச் சோர்வு மேலோட்டமானது, அதற்குக் கீழே இன்னும் பழைய வெட்கமும் தனிமையும் இருக்கும். சிகிச்சையாளர் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாமல் அங்கேயே கூட இருந்தால், சில சமயம் அதற்குள்ளிருந்தே “எனக்குத் தேவையானது திட்டு இல்லை, கொஞ்சம் அன்பு” என்ற ஒரு குரல் எழும். சில சமயம் நியாயமான கோபம் எழும். அந்த நிமிடத்தைப் பிடிக்கத் தெரிவதுதான் திறமை.

புத்தகம் படித்து இது வராது. தவறாகச் செய்தால் ஆபத்தும் உண்டு. திட்டும் குரலைக் கிளறிவிட்டு, வெட்கத்திலேயே ஒருவரை விட்டுவிட்டு ‘நேரமாகிவிட்டது’ என்று அனுப்பினால், அன்றிரவே அவர் மறுபடி சாப்பாட்டில் போய் விழலாம். எப்போது நாற்காலியை எடுக்கக் கூடாது, அமர்வை எப்படித் தணித்து முடிப்பது என்பதையெல்லாம் ஒருவர் கூடவே இருந்து கற்றுக்கொடுக்க வேண்டும்.

அதனால் மகளுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் ஒன்றுதான்: தன் அமர்வுகளின் பதிவை யார் பார்த்துத் திருத்தப் போகிறார் என்று கேட்டுப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்கட்டும். நல்ல பயிற்சியில் சில நாள் பயிலரங்குகள் இருக்கும். விளக்கவுரை, நிஜ அமர்வுகளின் காணொளி, பயிற்சி பெறுபவர்கள் தங்களுக்குள் மாறி மாறிச் சிகிச்சையாளராகவும் சிகிச்சை பெறுபவராகவும் அமர்ந்து பழகுவது என்று. அது முதல் படிதான். அதன்பின் சிகிச்சை பெறுபவரின் ஒப்புதலோடு எடுத்த பதிவை சூப்பர்வைசர், அதாவது மேற்பார்வையிடும் மூத்த சிகிச்சையாளர், நிமிடம் நிமிடமாக நிறுத்தி, “இங்கே அவர் குரல் தழுதழுத்தது, நீங்கள் ஏன் பேச்சை மாற்றினீர்கள்?” என்று கேட்கிறாரே, அந்த மாதங்களில்தான் ஒருவர் சிகிச்சையாளராக மாறுகிறார். இந்த முறைக்கென்று பன்னாட்டுச் சங்கம் ஒன்று இருக்கிறது, பயிற்சி நிலைகளையும் அது வகுத்திருக்கிறது. அதன் அங்கீகாரம் பெற்ற பயிற்றுநரா என்று பார்த்துக்கொள்ளட்டும். இ.எஃப்.டி (EFT) என்ற இதே சுருக்கப் பெயரில், உடலில் விரலால் தட்டும் ‘எமோஷனல் ஃப்ரீடம் டெக்னிக்’ என்ற வேறொன்றும் இருக்கிறது, விளம்பரத்தில் குழம்பிவிட வேண்டாம். அதே சுருக்கப் பெயரில் வரும், உளவியலாளர் சூ ஜான்சன் வளர்த்தெடுத்த தம்பதியர் சிகிச்சை மதிப்புள்ளதுதான். ஆனால் அதற்கான பயிற்சி வேறு.

இதற்கெல்லாம் முன்பு உரிமம். உங்கள் நாட்டில் நோயாளியைப் பார்க்கச் சட்டப்படி எந்தத் தகுதி வேண்டுமோ அதை மகள் முதலில் முடிக்கட்டும். இந்தச் சிகிச்சை அடிப்படைப் பயிற்சியின் மேல் கட்டும் மாடி, அடித்தளமே இல்லாமல் மாடி கட்ட முடியாது. அதோடு உணவுக் கோளாறுகளைப் பற்றிய மருத்துவ அறிவும் வேண்டும்: எப்போது மருத்துவரிடம் அனுப்புவது, உணவியல் நிபுணரோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்வது, பட்டினி கிடப்பது எப்படி அடுத்த அளவுமீறலுக்கு வழிவகுக்கிறது என்பதெல்லாம். உடல் எடையைப் பார்த்து ஒருவரை மட்டம் தட்டும் மனப்பான்மை சிகிச்சையாளர்களிடமும் இருக்கிறது. அதைத் தன்னிடமே தேடிக் களைவதும் பயிற்சியில் சேர்த்திதான்.

இன்னொன்றையும் மகள் அறிந்திருக்க வேண்டும். இந்தக் கோளாறுக்கு இன்று அதிக ஆதாரம் உள்ள உளவியல் சிகிச்சை சிபிடி, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முதலில் வருவது சிபிடி அடிப்படையிலான, வழிகாட்டலோடு கூடிய சுய உதவி. உணர்வு மையச் சிகிச்சைக்கு மனச்சோர்வில் நல்ல ஆதாரம் இருக்கிறது. அளவுமீறி உண்ணும் கோளாறில் இதுவரை வந்திருப்பவை சிறிய ஆய்வுகள். நம்பிக்கை தருகின்றன, ஆனாலும் சிறியவை. ஆகவே மகள் சிபிடியையும் கற்கட்டும். அதில் பலன் கிடைக்காதவர்களும், “காரணமெல்லாம் புரியுது, ஆனா நிறுத்த முடியல” என்பவர்களும் நிறையப் பேர் உண்டு, அவர்களுக்குத்தான் உணர்வு மையச் சிகிச்சை தேவைப்படலாம். இரண்டும் தெரிந்தவரை மருத்துவமனைகளும் ஆலோசனை மையங்களும் விரும்பி எடுக்கும். ஒன்று மட்டும் தெரிந்தவருக்கு வாய்ப்பு குறைவு.

இனி நீங்கள் தயங்கி எழுதிய விஷயம். தானே அந்த வழியில் நடந்து வந்தவர் சிகிச்சையாளராகக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. இந்தத் துறையில் அப்படிப்பட்டவர்கள் பலர் இருக்கிறார்கள், பலர் சிறப்பாகவும் செய்கிறார்கள். ஆனால் பயிற்சியில் மகளும் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும், தன் சொந்த வெட்கத்தைத் தொட வேண்டியிருக்கும். பழைய காயம் எவ்வளவு ஆறியிருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும். சேர்வதற்கு முன் தனக்கென ஒரு சிகிச்சையாளரை வைத்துக்கொள்வது நல்லது. பயிற்றுநரிடம் இதைச் சொல்வதா, எவ்வளவு சொல்வது என்பது மகளின் முடிவு. நீங்கள் அவருக்குத் தெரியாமல் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் அம்மா. வீட்டில் அவர் தட்டைப் பார்த்து எதுவும் சொல்லாமல் இருப்பதும் இப்போது பெரிய உதவி.

வார இறுதி இணைய வகுப்பு ஒன்றில் சேர இந்த மாதமே பணம் கட்டச் சொல்வதாகவும், முடித்ததும் ‘சிகிச்சையாளர்’ சான்றிதழ் தருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இப்போது கட்ட வேண்டாம். அங்கே கேட்கச் சொல்லுங்கள்: சேர என்ன தகுதி வேண்டும், அமர்வுப் பதிவை யார் பார்ப்பார், சூப்பர்விஷன் எத்தனை மணி நேரம், பயிற்றுநர் உணவுக் கோளாறு உள்ளவர்களை இப்போதும் நேரில் பார்க்கிறாரா? யார் வேண்டுமானாலும் சேரலாம், சூப்பர்விஷன் கிடையாது என்று பதில் வந்தால், அந்தப் பணத்தை மகளின் உரிமப் படிப்புக்கு எடுத்து வையுங்கள். பதில் என்ன வந்தது என்று மகளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், அடுத்து எந்த இடத்தில் விண்ணப்பிக்கலாம் என்று அவரோடு பேசுகிறேன்.