மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின்

வணக்கம் ஐயா,

அப்பாவின் ஹொண்டா சி 90 மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டுக் கொட்டிலில் பல வருடமாக நிற்கிறது. 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில் எங்களைத் தென்மராட்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான். இப்போது கிக்கர் இறங்குதில்லை. கராஜில் கேட்டால், "இதைப் பிரிச்சு மினைக்கெடாமல் சீன எஞ்சின் ஒண்டு போடுவம்" என்கிறார்கள். தம்பி, யூடியூப் பார்த்து வீட்டிலேயே செய்யலாம் என்கிறான். அவனை விடலாமா?

சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாக விடுங்கள். ஒரு நிபந்தனை மட்டும்: கழற்றித் திரும்பப் பூட்டக்கூடியதெல்லாம் தம்பிக்கு, வெட்டினால் வெட்டினதுதான் என்கிற வேலையெல்லாம் லேத் பட்டறைக்கு.

சீன எஞ்சின் பேச்சை விட்டுவிடுங்கள். எஞ்சின் இலக்கம் கேசில், அதாவது எஞ்சினின் வெளிக்கூட்டில், அடித்திருக்கிறது. வாகனப் புத்தகத்தில் இருப்பதும் அதே இலக்கம். மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு யார் அலைவது?

கிக்கரில் ஏறி மிதிக்க வேண்டாம், உள்ளே பல் உடையும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தால் கொஞ்சம் டீசல் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். இந்த எஞ்சினில் சிலிண்டர் முன்னுக்குப் படுத்திருக்கும். அதனால் முன்சில்லை நன்றாக உயர்த்தி வைத்தால்தான் டீசல் பிஸ்டனில் தேங்கும். பிறகு மக்னெற்றின் (பிளக்குக்கு மின்சாரம் தரும் சுழல் சில்லு) நட்டில் ஸ்பானர் போட்டு மெதுவாக அசையுங்கள்.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு இருந்த பெற்றோல் தடையில், ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடினோமே, அந்தக் காலம் முழுக்க உங்கள் எஞ்சினுக்குள் கிடக்கும். மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாதது பிஸ்டன் றிங்கைத் தாண்டி இறங்கி ஓயிலைத் தண்ணியாக்கும். இதில் கடுதாசி ஃபில்டரும் கிடையாது. அடியில் ஒரு வலை. வலப்பக்கக் கவருக்குள், கிளச்சோடு சேர்ந்து சுழன்று ஊத்தையை ஓரத்துக்கு ஒதுக்கும் ஒரு கிண்ணம், அவ்வளவுதான். அந்தக் கிண்ணத்தைத் திறந்து நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்புக் களி இறுகித் தகடாகப் பெயர்ந்து வந்தால், அடுத்ததாக ஹெட்டை (சிலிண்டரின் மூடி) கழற்றி, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். அது வெறும் அலுமினியம். தண்ணியாகிப் போன ஓயிலில் ஓடினால் தேயாமல் என்ன செய்யும்?

கவர் ஸ்குரூக்கள் ஜப்பான் வெட்டு. சாதாரண ஸ்டார் டிரைவர் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். சுத்தியலால் அடித்துத் திருப்புகிற இம்பாக்ட் டிரைவரை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். பிஸ்டன் பின்னின் கிளிப்பை எடுக்கமுன் கேஸ் வாயைத் துணியால் அடையுங்கள். அது துள்ளி உள்ளே விழுந்தால் பிறகு கேசையே பிளக்க வேண்டியதுதான்.

சிலிண்டரின் மேற்புறம் விரலை விட்டுத் தடவுங்கள். வரம்பு தட்டுப்பட்டால் போர் அடிக்கத்தான் வேண்டும், அதாவது சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து பெருப்பிக்க வேண்டும். கம்பனி அளவு பழைய மொடலில் 50 மி.மீ., பின்னால் வந்ததில் 47 மி.மீ.; பெருத்த பிஸ்டன்கள் 0.25 மி.மீ. படியாக வரும். பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகுதான் சிலிண்டரை லேத்துக்குக் கொடுங்கள். போரை முதலில் அடித்துவிட்டு, அந்த அளவுக்குப் பிஸ்டன் தேடி வவுனியா, கொழும்பு என்று அலைகிறவர்கள் இங்கே நிறையப் பேர். பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டில் ஆட்டம் இருந்தால் அதுவும் லேத்துக்கே. தம்பி அதில் சுத்தியல் வைக்கக்கூடாது.

பூட்டும்போது மக்னெற்றின் 'T' குறியும் கேம் சக்கரத்தின் 'O' குறியும் அவற்றுக்குரிய வெட்டுகளுக்கு நேரே நிற்க வேண்டும். பிளக் போடாமல் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது முட்டினால் கேம் செயினைக் கழற்றி மறுபடி பூட்டுங்கள். அதற்குப் பிறகுதான் கிக்கர்.