முதலாளி மகன் கதை நமக்கு எதுக்கு சேர்?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். உடற்கல்விக்குத் தனி ஆசிரியர் இல்லாததால் விளையாட்டும் என் தலையில்தான். இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்குவதால் காலைக் கூட்டத்தில் தினமும் ஐந்து நிமிடம் சாதித்த வீரர்களைப் பற்றிப் பேசி வந்தேன். போன கிழமை முரளிதரன் கதை சொன்னபோது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "சேர், முரளி பிஸ்கட் கம்பனி முதலாளி மகன். கண்டியில பெரிய ஸ்கூல்ல படிச்சவர். நாங்க லயத்துப் புள்ளைங்க. அந்தக் கதை நமக்கு எதுக்கு சேர்?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பதில் வரவில்லை. அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டேன். பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை 1500 மீட்டர் நன்றாக ஓடுகிறாள், ஆனால் வலயப் போட்டிக்கு அனுப்ப வீட்டில் மறுக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு எந்த வீரரைக் காட்டுவது? இல்லை, கதை சொல்வதே வீண் வேலையா?
– ஆசிரியர் ஒருவர், பொகவந்தலாவை

பதில்: தம்பி, அந்தப் பையனை நீங்கள் அதட்டி உட்கார வைக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். அவன் கேட்டது வாய்த்துடுக்குக் கேள்வி இல்லை. உங்கள் கூட்டத்தில் கதையைக் காது கொடுத்துக் கேட்டவன் அவன் ஒருவன்தான் என்றுகூடச் சொல்வேன்.

அவன் சொன்னதும் உண்மைதான். முரளியின் அப்பாவுக்குக் கண்டியில் பிஸ்கட் தொழில். முரளி படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். நீங்கள் வேண்டுமானால் அவனை மடக்கலாம்: முரளியின் தாத்தா 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்குத்தான் இந்தியாவிலிருந்து வந்தார், 1977 கலவரத்தில் அவர்களுடைய தொழிற்சாலைக்கும் தீ வைத்தார்கள் என்று. எல்லாம் நடந்ததுதான். ஆனால் அதைச் சொன்னால் அவன் வாய் மூடுமே தவிர, கேள்வி மூடாது. அவன் கேட்பது, "அவருக்கு இருந்தது நமக்கு இருக்கா?" என்று. அதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

என்ன இருந்தது முரளிக்கு? பதினான்கு வயது வரை அவர் மிதவேகப் பந்துதான் வீசினார். சுழற்பந்தை முயன்று பார் என்று திருப்பிவிட்டவர் பாடசாலைப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. அந்தக் கண் இல்லையென்றால் 800 டெஸ்ட் விக்கெட் எங்கே? 1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். முரளி பந்தை வீசவில்லை, முழங்கையை மடக்கி நிமிர்த்தி எறிகிறார் என்று நடுவர் டரல் ஹேர் ஏழு தடவை நோ போல் காட்டிக் கையை நீட்டினார். பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை முரளியுடையது. ஆனால் முரளிக்குப் பின்னால் கிரிக்கட் சபை நின்றது, பேர்த்திலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழகங்களில் பரிசோதனை நடந்தது, பந்து எறியவில்லை என்று முடிவு வந்தது. மெல்பேர்ன் நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, லாகூரில் உலகக் கிண்ணத்தோடு நின்ற அணியில் அவர் இருந்தார். 1999 ஜனவரியில் அடிலெயிட்டில் மறுபடி நோ போல். அப்போது கப்டன் அர்ஜுன ரணதுங்க விரலை நீட்டி நடுவரோடு வாதாடியதும், அணியையே எல்லைக்கோட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனதும் இன்றைக்கும் போனில் தேடினால் பார்க்கலாம். பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். என்னைக் கேட்டால், காலியில் தன் கடைசி டெஸ்ட் பந்தில் 800ஆவது விக்கெட்டை எடுத்த காட்சியைவிட இந்தக் காட்சிதான் உங்கள் பிள்ளைகளுக்கு அதிகம் உதவும். உலகமே ஒருவனைச் சந்தேகிக்கும்போது கப்டன் எங்கே நிற்கிறார் என்று அதில் தெரிகிறது.

நாம் மேடையில் கதை சொல்லும்போது இந்த ஆட்களையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, "கஷ்டப்பட்டார், ஜெயித்தார்" என்று முடித்துவிடுகிறோம். விடியக்காலை கொழுந்துக் கூடையோடு மலை ஏறும் அம்மாவைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்குக் கஷ்டத்தைப் பற்றி நாம் என்ன பாடம் எடுப்பது? கஷ்டப்பட்டால் மட்டும் போதும் என்றால் அவனுடைய அம்மா எப்போதோ பெரிய ஆளாகியிருக்க வேண்டும். பையனுக்கு இது தெரியும். அதனால்தான் மற்றப் பிள்ளைகளும் சிரித்தார்கள். ஆகவே கதையை நிறுத்த வேண்டாம். யார் கைகொடுத்தார்கள், எங்கே கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து முழுசாகச் சொல்லுங்கள். எது இல்லை என்று தெரிந்த பிள்ளைதான் அதைப் போய்க் கேட்கும்.

அபேபே பிக்கிலா கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1960இல் ரோமில் வெறுங்காலோடு மரதன் ஓடித் தங்கம் வென்ற எத்தியோப்பியர். நம் பக்கத்து விளையாட்டுப் போட்டிகளில் பிரதம விருந்தினர்களுக்கு இந்தக் கதை மேல் ஒரு தனிப் பிரியம். சப்பாத்து இல்லாத பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, சப்பாத்து எதற்கு, மனம் இருந்தால் போதும் என்று பேசிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார்கள். நடந்தது வேறு. கிடைத்த புதுச் சப்பாத்து காலுக்குச் சரிவரவில்லை. வெறுங்காலில் ஓடிப் பழகியவர் என்பதால் அப்படியே ஓடினார். அவர் பேரரசரின் மெய்க்காவல் படைவீரர், சுவீடன் நாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் அவரைத் தயார்படுத்தியிருந்தார். நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் ஓடினார், அங்கேயும் தங்கம், அதுவும் ரோமைவிட மூன்று நிமிடம் குறைந்த நேரத்தில். குடல்வால் சத்திரசிகிச்சை முடிந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

அதே 1964 டோக்கியோவில்தான் நம் நாட்டுக்காரர் ஒருவர் ஓடினார். கருணானந்த. ஒரு கிழமை முழுக்க இந்த ஒரு ஓட்டத்தைப் பற்றியே நீங்கள் பேசலாம், அவ்வளவு இருக்கிறது அதில். 10,000 மீட்டர், 25 சுற்று. கடைசி நேர்ப்பாதையில் மூன்றாவதாக இருந்த அமெரிக்கர் பில்லி மில்ஸ் இரண்டு பேரையும் தாண்டி 28 நிமிடம் 24.4 செக்கனில் தங்கம் வென்றார். அவர் லக்கோட்டா பழங்குடிப் பிள்ளை. பன்னிரண்டு வயதுக்குள் தாயையும் தகப்பனையும் இழந்தவர். அவருக்கு முன்னும் பின்னும் எந்த அமெரிக்கரும் ஒலிம்பிக் 10,000 மீட்டரில் தங்கம் வென்றதில்லை. சனம் எழுந்து நின்று ஆரவாரம் செய்து, எல்லாரும் ஓடி முடித்து, தடம் காலியானபின் பார்த்தால் ஒருவர் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார். இலக்கம் 67. கருணானந்த. அவருக்கு இன்னும் சுற்றுகள் மிச்சம்.

முதலில் சிரித்தார்கள். உங்கள் வகுப்பு சிரித்த மாதிரியே கேலிக் குரலும் கேட்டதாம். அடுத்த தடவை அவர் சுற்றி வந்தபோது சத்தம் அடங்கியது. கடைசிச் சுற்றில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. 34 நிமிடம் 21.2 செக்கன். தங்கத்துக்கு ஏறக்குறைய ஆறு நிமிடம் பின்னால். ஜப்பானியர்கள் இந்தக் கதையைத் தங்கள் பாடசாலைப் பாடப்புத்தகத்திலேயே சேர்த்தார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள்.

இதைச் சொல்லும்போது ஒன்றில் கவனம் வையுங்கள். "கடைசியாக வந்தாலும் பரவாயில்லை" என்று முடித்துவிடாதீர்கள். பிள்ளைகள் அதை நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. அன்று ஓடத் தொடங்கிய 38 பேரில் ஒன்பது பேர் முடிக்காமலே விலகினார்கள். பட்டியலில் 29ஆவது இடம் கருணானந்தவுக்கு. அந்த ஒன்பது பேரில் அவரைவிட வேகமாக ஓடக்கூடியவர்கள் இருந்திருப்பார்கள்தானே, பிறகு ஏன் விலகினார்கள், நீ என்றால் என்ன செய்வாய் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். காலில் அடிபட்டால் விலகுவது புத்திசாலித்தனம் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதையும் ஒத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, தேயிலைக் கதை. கென்யாவில் நண்டி என்று ஒரு மாவட்டம், நம்மைப் போலத் தேயிலை விளையும் மலைநாடு. எலியுட் கிப்சோகே அங்கே பிறந்தவர். ரியோவிலும் டோக்கியோவிலும் ஒலிம்பிக் மரதன் தங்கம் வென்றவர். அப்பா இல்லாத வீடு, அம்மா பாலர் பாடசாலை ஆசிரியை. அதே பக்கத்தில் பட்ரிக் சாங் என்று ஒருவர் இருந்தார், 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் தடைதாண்டல் ஓட்டத்தில் வெள்ளி வென்றவர். கிப்சோகே அவரிடம் போய், என்ன பயிற்சி செய்யட்டும் என்று கேட்டு வாங்குவார். செய்து முடித்துவிட்டு மறுபடி போய் நிற்பார். அப்படித் தொடங்கிய உறவு உலக சாதனை வரைக்கும் நீடித்தது. 2019 ஒக்டோபரில் வியன்னாவில் மரதன் தூரத்தை அவர் 1 மணி 59 நிமிடம் 40 செக்கனில் ஓடினாரே, அன்று அவருக்கு முன்னாலும் பின்னாலும் மாறி மாறி 41 பேர் ஓடிக் காற்றை மறைத்தார்கள். அதனால்தான் அது சாதனைப் புத்தகத்தில் ஏறவில்லை. இந்த 41 பேரைச் சொல்லாமல் கிப்சோகேயைச் சொல்லாதீர்கள். நம் பிள்ளைகளுக்குத் தேயிலை மலையும் பழக்கம், மேடு பள்ளமும் பழக்கம். இல்லாதது சாங் மாதிரி ஒரு ஆள். கேட்டுப் போக ஒரு வீடு இருக்கிறது என்று காட்டுவது உங்கள் வேலை.

சுசந்திகாவை எல்லாருக்கும் தெரியும் என்பதால் வேறு மாதிரி தொடங்குங்கள். போனில் ஸ்டொப்வொட்சைத் திறந்து, எவ்வளவு சீக்கிரம் அழுத்தி நிறுத்த முடியும் என்று பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். விரல் பதறப் பதற அழுத்தினாலும் 0.01இல் நிறுத்துவது குதிரைக்கொம்புதான். 2000 சிட்னி 200 மீட்டரில் இரண்டாவதாக வந்த பஹாமாஸ் பெண்ணின் நேரம் 22.27, சுசந்திகா 22.28. பிறகு, முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை ஒத்துக்கொண்டதால், ஒன்பது வருடம் கழித்து சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது. பதக்கம் சரியானது, ஆனால் மேடையில் நின்ற அந்த நிமிடத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கேகாலை மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை அவர். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு இவர் "முதலாளி மகள்" இல்லை என்பதும் தெரியட்டும். ஸ்டொப்வொட்ச் வேலையை அவனிடமே கொடுத்துவிடுங்கள். கணக்காகப் பார்க்கிற கண் அவனுக்கு இருக்கிறது.

தினமும் வேண்டாம், கிழமைக்கு ஒரு கதை போதும். தினம் சொன்னால் தேவாரம் மாதிரி உதட்டளவில் போய்விடும்.

இனி அந்த 1500 மீட்டர் பிள்ளை. அவள் வீட்டுக்குப் போகும்போது சுசந்திகாவையும் கிப்சோகேயையும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பெற்றோருக்கு அந்தக் கதை வேண்டாம். அவர்கள் யோசிப்பது வேறு: யார் கூட்டிப் போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது, உடை மாற்ற இடம் இருக்குமா, அடுத்த வருடம் சாதாரண தரம் வருகிறதே, ஓடியாடிக் கறுத்துப்போனால் நாளைக்கு என்ன பேச்சு வரும். ஒவ்வொன்றும் நியாயமான பயம். வேலை முடிந்து குளித்துச் சமையலுக்கு அடுப்பு மூட்டும் நேரத்தில் போகாதீர்கள், ஞாயிறு பின்னேரம் போங்கள். பெண் ஆசிரியை ஒருவர் கட்டாயம் கூட வரட்டும்.

கையில் ஒரு கொப்பி கொண்டு போங்கள். பள்ளி மைதானத்தில் ஒரு சுற்று எத்தனை மீட்டர் என்று நாடா பிடித்து அளந்து, 1500க்கு எத்தனை சுற்று என்று கணக்கிட்டு, கிழமைக்கு ஒரு தடவை அவள் ஓடும் நேரத்தைத் தேதியோடு அதில் எழுதி வையுங்கள். சின்ன மைதானத்தில் வளைவு அதிகம், நேரம் கொஞ்சம் கூடத்தான் வரும், அதையும் சொல்லிவிடுங்கள். "உங்க மக கெட்டிக்காரி" என்பதைவிட, தை மாதம் இவ்வளவு, மாசி மாதம் இவ்வளவு என்று எழுதிய பக்கம் அப்பாவிடம் நன்றாகப் பேசும். ஆண்கள் கணக்கைக் கண்டால் கொஞ்சம் இறங்கி வருவார்கள். என் அனுபவம் அப்படி.

எங்கே போய்ச் சேரலாம் என்று அவர்கள் கேட்டால், கண்டி மாவட்டத்து வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரியைச் சொல்லுங்கள். 2023 ஹங்சோ ஆசிய விளையாட்டில் பெண்கள் 800 மீட்டரில் தங்கம் வென்ற தருஷி கருணாரத்ன அப்போது அந்தப் பள்ளி மாணவி. கொழும்புப் பள்ளிக்குப் போகாமல், ஒரு மத்திய கல்லூரி மைதானத்திலிருந்து வந்த தங்கம் அது. நம் தோட்டங்களிலிருந்து போய் 10,000 மீட்டரில் தேசிய மட்டத்தில் ஓடிய குமார் சண்முகேஸ்வரனையும் சொல்லுங்கள். ஆனால் பதக்கம் வரும், வேலை வரும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வலயப் போட்டி முடிந்ததும் பிள்ளை பத்திரமாக வீடு வந்து சேரும் என்ற வாக்கு மட்டும் போதும், அதை நீங்கள் காப்பாற்ற முடியும்.

முடிந்தால் அம்மாவையும் கூட வரச் சொல்லுங்கள். மகள் ஓடுவதை அவர் ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டார். போட்டி வேலை நாளில்தான் வரும், அன்று அவருக்கு ஒரு பேர் போகும். அந்த ஒரு நாள் சம்பளம், மூன்று பேருக்குப் பஸ் காசு, பகல் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு தாளில் எழுதுங்கள். பெரிய தொகை வராது. பழைய மாணவர்களில் கொழும்பில் கடை வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள், தோட்டத் தலைவர்மார் இருக்கிறார்கள், கோயில் கமிட்டி இருக்கிறது. தாளை நீட்டிக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். காசு கைக்கு வந்த பிறகு வீட்டுக்குப் போங்கள்.