மிக்சி நின்றுபோனால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

சிங்கப்பூர் வாசகர் கேள்வி-பதில்: வீட்டுக் கருவிகளும் பொழுதுபோக்குச் சாமான்களும்

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில் 160 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து இந்திய மிக்சி வாங்கினேன். போன வாரம் மஞ்சள் அரைத்துக்கொண்டிருக்கும்போது நின்றுவிட்டது. "உத்தரவாதம் இந்தியாவில்தான் செல்லும். விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கிறோமே" என்கிறார் கடைக்காரர். இனி ஒன்றும் செய்ய முடியாதா?
(இல்லத்தரசி, ஈசூன்)

பதில்: மறுபடியும் கடைக்குப் போவதற்கு முன் மின்செருகியைக் கழற்றிவிட்டு மிக்சியைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். பெரும்பாலான இந்திய மிக்சிகளில் அங்கே சிறிய பொத்தான் ஒன்று இருக்கும். பல நேரம் சிவப்பாக இருக்கும். மோட்டாருக்குத் தாங்காத பாரம் வந்தால் மின்சாரத்தைத் துண்டித்து அது எரியாமல் காப்பது இந்தப் பொத்தானின் வேலை. காய்ந்த மஞ்சள் அப்படிப்பட்ட பாரம்தான். அரைமணி நேரம் ஆறவிட்டு அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஓடினால் சண்டையே இல்லை. மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் கத்தி மட்டும் அசையாவிட்டால், ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளர் தேய்ந்திருக்கும். சில வெள்ளிகளில் மாற்றிவிடலாம்.

இரண்டும் இல்லையென்றால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பயனீட்டாளர் (நுகர்வோர்) பாதுகாப்புச் சட்டத்தில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் பகுதியை இங்கே லெமன் சட்டம் என்கிறோம். பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால், அந்தக் குறை விற்கும்போதே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர். அவர் தம் செலவில் பழுதுபார்த்துத் தரவேண்டும், அல்லது வேறு மிக்சி தரவேண்டும். இரண்டும் நியாயமான காலத்துக்குள் நடக்காவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லவோ, மிக்சியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கவோ உங்களுக்கு உரிமை உண்டு.

உத்தரவாத அட்டை கோயம்புத்தூரில் மட்டும் செல்லுமா, சென்னையிலும் செல்லுமா என்பது இங்கே பேச்சே இல்லை. அது தயாரிப்பாளர் கொடுத்த வாக்கு. உங்களிடம் காசு வாங்கியவர் சிராங்கூன் சாலைக்காரர். சுவரில் உள்ள பலகையும் அப்படித்தான்: நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க வருபவர்களைத் தடுக்க அது உதவும், பழுதான பொருளுக்கு உதவாது.

ஆனால் மஞ்சள் கதையை மறைக்காதீர்கள். அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதால் வந்த பழுதுக்குக் கடைக்காரர் பொறுப்பல்ல. கையேட்டில் எத்தனை நிமிடம் ஓட்டலாம், எத்தனை நிமிடம் நிறுத்த வேண்டும் என்று போட்டிருக்கும். அதற்குள்தான் ஓட்டினீர்கள் என்றால் தைரியமாகக் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்; ரசீதின் படத்தோடு எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். கடைசி வழி சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், இரண்டு ஆண்டுகளுக்குள் போகவேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இருதரப்புக்கும் அனுமதி இல்லை. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டவேண்டியது 10 வெள்ளிதான். மன்றத்துக்குப் போவீர்கள் என்று கடைக்காரருக்குத் தெரிந்தாலே பாதி வழக்குகள் கல்லாப்பெட்டியோடு தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

கேள்வி: வீட்டிலேயே பியர் தயாரிக்க ஆசை. வெளிநாட்டு இணையக்கடையில் 23 லிட்டர் கிட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். போலீஸ் வந்துவிடும் என்று அம்மா பயப்படுகிறார். சட்டப்படி செய்யலாமா? என்ன வாங்கவேண்டும்?
(24 வயது வாசகர், செங்காங்)

பதில்: அம்மாவிடம் சொல்லுங்கள், போலீஸ் வராது, சில எல்லைகளைத் தாண்டாதவரை. 18 வயது நிறைந்தவர் தம் வீட்டில், சொந்தப் பயன்பாட்டுக்கு, நொதிக்கவைத்து மட்டும் பியரோ ஒயினோ தயாரிக்கச் சுங்கத்துறையின் உரிமம் தேவையில்லை. அளவு மாதம் 30 லிட்டர். கவனியுங்கள்: ஆளுக்கு 30 லிட்டர் அல்ல, வீட்டுக்கு 30 லிட்டர். 23 லிட்டர் கிட்டை மாதத்தில் ஒருமுறை போட்டால் எல்லைக்குள் இருப்பீர்கள், இரண்டாவது முறை போட்டால் 46. தம்பிக்கும் இந்த ஆசை வந்தால் அவர் தயாரிப்பதும் இதே கணக்கில்தான் சேரும். விற்கக் கூடாது. அண்டை வீட்டாரிடம் "சாமான் செலவுக்கு மட்டும்" என்று ஐந்து வெள்ளி வாங்கினாலும் அது விற்பனைதான். காய்ச்சி வடிப்பது அறவே கூடாது. நீங்கள் பார்த்த இணையக்கடை பளபளக்கும் செப்புப் பாத்திரம் ஒன்றையும் கூடவே காட்டியிருக்கும். அது வடிப்பதற்கானது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சட்டத்தைவிடப் பெரிய தொல்லை நம் வெயில். ஏல் என்ற பியர் வகைக்கான சாதாரண ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியில்தான் ஒழுங்காக வேலை செய்யும். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் பகலில் 30 டிகிரி இருக்கும். நொதிக்கும்போது வாளிக்குள் இன்னும் இரண்டு மூன்று டிகிரி கூடும். இட்லி மாவை ஒரே இரவில் பொங்கவைக்கும் அதே சூடு பியரில் சாராய நெடியையும் நெயில் பாலிஷ் வாடையையும் கிளப்பிவிடும். கிட்டோடு வரும் ஈஸ்ட் பொட்டலத்தை நம்பி இறங்கிய பலர் ஒரு வாளியோடு இந்தப் பொழுதுபோக்குக்கு முழுக்குப் போடுவது இதனால்தான்.

இரண்டு வழிகள் உண்டு. பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்றை வாங்கி, வெளியே பொருத்தும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை அதில் இணைப்பது முதல் வழி. அதற்கு வீட்டில் இடம் வேண்டும், அம்மாவின் சம்மதமும் வேண்டும். இரண்டாவது வழி மலிவானது: குவைக் என்ற நார்வே நாட்டுப் பண்ணை ஈஸ்ட். குளிர்நாட்டில் பிறந்தது 30 டிகிரிக்கு மேலும் சுவையைக் கெடுக்காமல் வேலை செய்வது வேடிக்கைதான், ஆனால் நமக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. புதியவருக்கு நான் சொல்வது இதுதான்.

23 லிட்டர் கிட் வேண்டாம். உணவுத்தரப் பிளாஸ்டிக் வாளி அல்லது ஐந்து லிட்டர் கண்ணாடி ஜாடி, காற்றுப் பூட்டு (உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத மூடி), கழுவத் தேவையில்லாத கிருமிநாசினி, ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி), இவை போதும். ஹைட்ரோமீட்டரை மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அளவு மாறாமல் நின்றால்தான் நொதித்தல் முடிந்தது என்று பொருள். அவசரப்பட்டு அதற்குமுன் புட்டியில் அடைத்தால், மிச்சமுள்ள சர்க்கரை உள்ளேயே வாயுவாக மாறிப் புட்டி வெடிக்கும். கண்ணாடிச் சில்லு பறக்கும் விஷயம், விளையாட்டல்ல. மால்ட் சாறு (முளைகட்டிய பார்லியின் சாறு) டின்களில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டில் வாங்கினால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் கணக்கில் சேருங்கள். டின் நசுங்கி வந்தால் கேட்க ஆள் இங்கே இருக்கமாட்டார் என்பதையும் சேருங்கள்.

கேள்வி: மாமியார் அடுத்த மாதம் கோவையிலிருந்து வருகிறார். மேசைமேல் வைக்கும் இரண்டு லிட்டர் கிரைண்டர் கொண்டுவரச் சொல்லலாமா? இங்கே விலை அதிகம்.
(வாசகி, பொங்கோல்)

பதில்: கொண்டுவரலாம். அங்கும் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். மோட்டாருக்கு ஊர் மாறியது தெரியாது. சுங்கத்திலும் சிக்கல் இல்லை. 48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருபவருக்கு 500 வெள்ளி வரை பொருள் சேவை வரி விலக்கு உண்டு. வேலை அனுமதி, சார்ந்திருப்போர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு அந்த விலக்கு இல்லை. சுற்றிப்பார்க்க வரும் மாமியாருக்கு உண்டு. பெட்டியின் கனம்தான் பிரச்சினை. கல்லோடு சேர்த்துப் பத்து கிலோவுக்கு மேல் போகும். முருங்கைக்காய்க்கும் ஊறுகாய்க்கும் ஒதுக்கியிருந்த இடத்தை அது விழுங்கிவிடும், அதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு உபரி பெல்ட் வாங்கிவரச் சொல்லுங்கள். முதலில் தேய்வது அதுதான், இங்கே அதே அளவைத் தேடி அலையவேண்டியிருக்கும்.

செருகியை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். இந்தியச் செருகியில் உருண்டை முனை, இங்கே சதுர முனை. பயண அடாப்டர் பலவற்றில் எர்த் இணைப்பே கிடையாது. கிரைண்டரில் உலோகப் பாத்திரமும் தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக இருக்கின்றன. எர்த் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. எர்த் ஓட்டையில் சாப்ஸ்டிக்கைக் குத்திச் செருகியை நுழைக்கும் வித்தை நம்மில் பலருக்குத் தெரியும், அதை மறந்துவிடுங்கள். பாதுகாப்பு முத்திரை பதித்த 13 ஆம்பியர் செருகியை வாங்கி, தெரிந்த மின்பணியாளரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளே 3 அல்லது 5 ஆம்பியர் ஃப்யூஸ் போடச் சொல்லுங்கள். 150 வாட் கருவிக்கு 13 ஆம்பியர் ஃப்யூஸ் காவலே இல்லை.

பத்து கிலோ தூக்க மாமியார் மறுத்துவிட்டால் இங்கேயே வாங்குங்கள். கூடுதல் விலையில் ஒரு பங்கு, முதல் கேள்வியில் சொன்ன ஆறு மாதப் பாதுகாப்புக்காகக் கொடுப்பது. நானாக இருந்தால் அதற்காகவே இங்கே வாங்குவேன்.

கேள்வி: என் மடிக்கணினி 2016இல் வாங்கியது. விண்டோஸ் 11 ஏறாது, 1,500 வெள்ளியில் புதிது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். தமிழில் தட்டச்சு செய்வதும் காணொளி பார்ப்பதும்தான் என் வேலை. வங்கிக் கணக்கைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறேன்.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ஜூரோங்)

பதில்: கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி உண்மை. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலியோ (புராசசர்) அதற்குப் பிந்தியதோ வேண்டும். உங்களுடையது அதற்கு முந்தியது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்துகொண்டவர்களுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு 2026 அக்டோபர் 13 வரை.

இரண்டாவது பாதி வியாபாரம். அந்தக் காலத்து மடிக்கணினி ஊர்வதற்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே சுழலும் பழைய வன்வட்டு (ஹார்ட் டிஸ்க்). அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்) போட்டு, ரேம் என்ற தற்காலிக நினைவகத்தை 8 ஜிபி ஆக்கினால் உங்களுக்கே அடையாளம் தெரியாது. மெலிந்த மாடல்கள் சிலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள், மாற்ற முடியாது. மாடல் எண்ணைச் சொல்லி முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால் பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் தொடர்ந்து கிடைக்கும். தமிழில் தட்டுவதற்கான தமிழ்99 விசைப்பலகை அமைப்பு அதிலேயே இருக்கிறது. அந்த அமைப்பு வருவதற்கு முன்பே, கணினித் தமிழ் வல்லுநர்கள் 1997இல் கூடிப் பேசிய தமிழ்நெட் மாநாடு நடந்தது நம் சிங்கப்பூரில்தான், சிங்கப்பூரின் கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி போன்றவர்களின் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. உங்களைப் போன்ற ஆசிரியர் தமிழில் தட்டச்சு செய்வதற்காக 1,500 வெள்ளி கட்டவேண்டுமா என்ன?

கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் கட்டடத்தின் மேல்தளக் கடைகளில் இந்த வேலையைச் செய்துதருவார்கள். இரண்டு மூன்று கடைகளில் விசாரியுங்கள். பாகத்தின் விலை, கூலி இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்கிய பிறகே கணினியைக் கையில் கொடுங்கள். "திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றால் திறப்பதற்கு எவ்வளவு என்று கேளுங்கள். கழற்றிய பழைய வன்வட்டைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். உங்கள் கடிதங்களும் குடும்பப் படங்களும் அதில்தான் இருக்கின்றன. அடிப்பக்கம் உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. மற்றதெல்லாம் அப்புறம், அதை முதலில் மாற்றுங்கள்.

கேள்வி: இணையத்தில் 16 டெராபைட் கையடக்க எஸ்எஸ்டி 29 வெள்ளிக்கு வாங்கினேன். கணினியிலும் 16 டெராபைட் என்றே காட்டுகிறது. பிறகு ஏன் என் மகன் சிரிக்கிறான்?
(வாசகர், தெம்பனிஸ்)

பதில்: சிரிக்கட்டும். நம்பகமான நிறுவனத்தின் 1 டெராபைட் எஸ்எஸ்டிக்கே 29 வெள்ளி போதாது. உங்களுடையதைப் பிரித்தால் உள்ளே சிறிய நினைவக அட்டை ஒன்று ஒட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். கொள்ளளவு எவ்வளவு என்று கணினி கேட்கும்போது 16 என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லில் எழுதி வைத்துவிடுவார்கள். உண்மையான இடம் நிறைந்த பிறகு நீங்கள் போடும் கோப்புகள் பழையவற்றின்மேல் எழுதப்படும் அல்லது காணாமற்போகும். பெயர்ப் பட்டியல் மட்டும் ஒழுங்காகத் தெரியும். திறந்தால்தான் குட்டு வெளிப்படும்.

கல்யாணப் படங்களை அதில் ஏற்றிவிட்டு மற்ற இடங்களிலிருந்து அழித்திருந்தால் அதில் மேலும் எதையும் ஏற்றுவதை உடனே நிறுத்துங்கள். இன்னும் ஏற்றவில்லை என்றால் விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 (F3) என்ற இலவச நிரல்கள் உண்டு. அவை வட்டை நிரப்பித் திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று சரிபார்க்கும். 16 டெராபைட்டையும் நிரப்பக் காத்திருக்க வேண்டாம், 200 ஜிபி அளவுக்குச் சோதித்தாலே பெரும்பாலும் பிழை தெரிந்துவிடும். அந்தத் திரையைப் படமெடுத்து விற்பனைத் தளத்தில் முறையிடுங்கள். "பொருள் கிடைத்துவிட்டது" என்ற பொத்தானை அதுவரை அழுத்தவேண்டாம். பல தளங்களில் அதை அழுத்தியதும் பணம் விற்பவருக்குப் போய்விடும். நீங்கள் அழுத்தாவிட்டாலும் கெடு முடிந்தால் தானாகவே போய்விடும், ஆகவே சோதனையை இன்றே தொடங்குங்கள்.