கரியமில வாயுக் கப்பலில் வேலை: ஒரு தாயின் இரண்டு கேள்விகள்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

கப்பல் பொறியியல் இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள், ஆலைகளில் பிடித்தெடுத்த கரியமில வாயுவைத் திரவமாக்கிக் கடலடிச் சேமிப்புக்குக் கொண்டுசெல்லும் கப்பல்களில் சேர விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். அந்த வாயு கசிந்தால் உயிருக்கு ஆபத்தில்லையா, இவ்வளவு செலவு பிடிக்கும் தொழில் நிலைக்குமா என்ற இரண்டு கேள்விகளும் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள்.

முதலில் ஆபத்தைப் பார்ப்போம். சமையல் எரிவாயு தீப்பிடிக்கும்; கரியமில வாயு தீப்பிடிக்காது. அந்த வகையில் எரிவாயுக் கப்பல்களைவிட இங்கே ஒரு பெரும் பயம் குறைவு. ஆனால் அது காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது, நிறமில்லை, மணமும் இல்லை; கசிந்தால் தாழ்வான இடம் தேடிப் படியும். 1986-இல் கேமரூன் நாட்டின் நியோஸ் ஏரியிலிருந்து இயற்கையாகவே வெளிப்பட்ட இந்த வாயு, பள்ளத்தாக்குகள் வழியாக இறங்கி ஏறத்தாழ 1,700 பேரின் உயிரைப் பறித்தது. 2020-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சதார்ஷியா என்ற சிற்றூருக்கு அருகே கரியமில வாயுக் குழாய் வெடித்தபோது யாரும் இறக்கவில்லை என்றாலும், நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. எட்டு மணி நேரப் பணிக்குக் காற்றில் இதன் அளவு அரை சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 4 சதவீதத்தை எட்டினால் உடனடி உயிராபத்து என்று கொள்கிறார்கள். ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே இந்த வாயு இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டி மனிதரை மயங்கி விழச் செய்துவிடும் என்பதால், 'மூச்சு முட்டினால் தெரியாதா' என்ற நினைப்பை உங்கள் மகள் முதல் நாளிலேயே விட்டுவிட வேண்டும்.

கப்பலுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் கரியமில வாயு திரவமாக இருக்கவே இருக்காது. அழுத்தம் ஏறத்தாழ 5.2 பாருக்குக் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) கீழே இறங்கினால், திரவம் அப்படியே பனிக்கட்டியாகவும் வாயுவாகவும் பிரிந்துவிடும். சரக்கு இறக்கும்போது ஒரு வால்வைச் சற்று அவசரமாகத் திறந்தால், குழாயின் உள்ளே கட்டிக் கற்பூரம் போல வெண்பனி இறுகி வழியை அடைத்துவிடக்கூடும். கற்பூரம் போலவே அது நீராக உருகாமல் நேரே ஆவியாகும். அடைபட்ட குழாயில் அப்படி ஆவியாகும்போது அழுத்தம் தாறுமாறாக ஏறும். வாயுவில் ஈரம் கலந்திருந்தால் கார்பானிக் அமிலம் உருவாகி எஃகை அரிக்கும் என்பதால், நார்வேயின் நார்தர்ன் லைட்ஸ் என்ற கடலடிச் சேமிப்புத் திட்டம் பத்து லட்சத்தில் 30 பங்குக்கு மேல் நீர் இருந்தால் சரக்கை ஏற்பதில்லை.

இவை எதுவும் கட்டுக்கடங்காதவை அல்ல. பானங்களுக்கும் உணவுத் தொழிலுக்குமான திரவக் கரியமில வாயுவைச் சிறிய கப்பல்கள் ஐரோப்பாவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுமந்துவருகின்றன. அந்த அனுபவத்தின் மீதுதான் நார்தர்ன் லைட்ஸ் நிற்கிறது. நார்வேயிலுள்ள பிரேவிக் சிமென்ட் ஆலையில் பிடித்த வாயுவை 7,500 கனமீட்டர் கொள்ளளவுள்ள கப்பல்கள் பெர்கன் நகருக்கு அருகிலுள்ள ஓய்கார்டன் முனையத்துக்குக் கொண்டுவருகின்றன. அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் குழாய் வழியே சென்று, கடற்படுகைக்குக் கீழே ஏறத்தாழ 2,600 மீட்டர் ஆழத்திலுள்ள பாறை அடுக்கில் அது செலுத்தப்படுகிறது. முதல் செலுத்தல் 2025 ஆகஸ்டில் நடந்தது.

இனிச் செலவு. எனக்கு உண்மையான கவலை இங்கேதான். எரிவாயுவை ஏற்றிச் சென்றால் மறுகரையில் அதை வாங்கக் காத்திருப்பவர் உண்டு. கரியமில வாயுவைச் சேமிப்புக்குக் கொண்டுசென்றால் அங்கே வாங்குபவர் இல்லை. கரியமில வாயுவை வெளியிடுவதற்கான கரிம வரியோ, உமிழ்வு உரிமங்களின் விலையோ, அரசு மானியமோ இருந்தால்தான் இந்தக் கப்பல் ஓடும். 1991-இல் நார்வே விதித்த கரிம வரிதான் 1996-இல் ஸ்லெய்ப்னர் எரிவாயு வயலில் கடலடிச் சேமிப்பைத் தொடங்க வைத்தது. நார்தர்ன் லைட்ஸின் முதல் கட்டச் செலவிலும் பெரும்பகுதியை அந்நாட்டு அரசே ஏற்றது. கொள்கை மாறினால் வேலையும் ஆட்டம் காணும் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

இந்த வாயுவைக் கப்பலுக்குப் பதில் குழாயில் கொண்டுசென்றால், செலவு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கூடிக்கொண்டே போகும். கப்பலிலோ, திரவமாக்கும் ஆலை, துறைமுகத் தொட்டிகள், கப்பல் என்று பெரும்பணம் நங்கூரம் தூக்குவதற்கு முன்பே போய்விடும். அதன்பின் தூரம் கூடுவதால் செலவு அவ்வளவாக ஏறாது. எனவே தொலைதூரத்துக்கும் குறைந்த அளவுக்கும் கப்பலே ஏற்றது. இன்றைய கப்பல்கள் பெரும்பாலும் 15 பார் அளவில், மைனஸ் 25 முதல் 30 டிகிரி வரையிலான குளிரில் சரக்கை வைத்திருக்கின்றன. அந்த அழுத்தத்தைத் தாங்கத் தடித்த எஃகு வேண்டும், தொட்டியையும் மிகப் பெரிதாக்க முடியாது. 7 பார் அளவுக்கு இறக்கினால் தொட்டி பெரிதாகும், டன்னுக்கான செலவு குறையும். ஆனால் திரவம் பனியாக உறையும் எல்லை மிக அருகில் வந்துவிடும். செலவைக் குறைக்க எடுக்கும் அதே முடிவுதான் பாதுகாப்பின் இடைவெளியையும் சுருக்குகிறது. உங்கள் இரண்டு கேள்விகளும் சந்திக்கும் அந்த இடத்தைப் புரிந்து வேலைசெய்யும் பொறியாளர்களைத்தான் இந்தத் தொழில் தேடும் என்பது என் கணிப்பு.

ஆகவே உங்கள் மகளைத் தடுக்க வேண்டாம்; ஒற்றைச் சரக்கை மட்டும் நம்பிப் போகவும் விட வேண்டாம். கடலோடிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேச உடன்படிக்கையின்படி திரவ வாயு டேங்கர்களுக்கான அடிப்படைப் பயிற்சியை முடித்து, கடற்பணி அனுபவத்துக்குப் பின் உயர்நிலைப் பயிற்சியையும் அவர் பெறட்டும். அந்தச் சான்றிதழ் எல்.பி.ஜி., அம்மோனியா கப்பல்களிலும் செல்லும் என்பதால், கரியமில வாயுத் தொழில் தள்ளாடினாலும் அவர் கரையில் நிற்க வேண்டியிராது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நிறுவனத்திடம் அவர் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: ஒவ்வொருவருக்கும் உடலில் அணியும் கரியமில வாயு உணர்கருவி தருகிறார்களா? மூடிய அறைகளில் நுழைவதற்கும் மீட்பதற்குமான ஒத்திகையை விதிப்படி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உண்மையிலேயே நடத்துகிறார்களா? தொட்டியின் அழுத்தம் எந்த எண்ணுக்கு இறங்கினால் சரக்கு இறக்குவதை நிறுத்துவார்கள்? உள்ளே சக ஊழியர் மயங்கிக் கிடப்பதைப் பார்த்துச் சுவாசக் கருவி இல்லாமல் ஓடிப்போய் இறந்தவர்கள் கப்பல் தொழிலில் ஏராளம் என்பதால், இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை மட்டும் இருமுறை விசாரிக்கச் சொல்லுங்கள். பதில்கள் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள். மூவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம்.